மீன் தொட்டி டியூப் லைட்டும் எங்கள் கரண்ட் பில்லும்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் உறவுகளுக்காக இதை எழுதுகிறோம். டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு எல்ஈடி போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் போட்டுவிட்டோம். கண்டதைச் சொல்கிறோம்.

2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம். எங்கள் வீட்டில் செலவைக் குறைக்க உட்கார்ந்தபோது முதலில் அடிபட்ட பெயர் மீன் தொட்டிதான். யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்ற பேச்சும் வந்தது. மூத்தம்மா விடவில்லை. அவருக்கு இரவில் நித்திரை குறைவு. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால்தான் இருப்பார். "அதுகளும் என்னோட முழிச்சிட்டுத்தானே இருக்குதுகள்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தொட்டி இருக்கட்டும், பில்லைக் குறைப்போம் என்று முடிவெடுத்தோம்.

கணக்கு இதுதான். 2 அடி டியூப் இரண்டு, ஒவ்வொன்றும் 18 வொட். பழைய சோக்குகள் இழுப்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 வொட். நாளுக்கு 12 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 18 யூனிட். இப்போது 12 வொட் எல்ஈடி, நாளுக்கு 8 மணித்தியாலம். மாதம் 3 யூனிட்டுக்கும் குறைவு. இதில் 6 யூனிட் நேரத்தைக் குறைத்ததால் மிஞ்சியது, மீதி 9 எல்ஈடியால். 60, 90 என்ற எல்லைகளை ஒட்டி பில் வரும் வீடுகளுக்கு இந்த 15 யூனிட் பெரிய விடயம்.

நேரம் குறைந்தால் மூத்தம்மாவின் இரவு என்னாவது? டைமர் ஒன்று வாங்கி, பின்னேரம் 4 மணிக்கு எரிந்து இரவு 12 மணிக்கு அணையும்படி வைத்தோம். செடிக்குத் தேவை ஒழுங்கான வெளிச்சமும் ஒழுங்கான இருட்டும்தான். அது பகல் வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

எல்ஈடி போட்ட முதல் சில நாட்கள் மீன்கள் வெளியே வரவில்லை. எங்கள் தொட்டியில் இருப்பவை செரி பார்ப் மீன்களும் கிரிப்டோகொரைன் வென்டி செடிகளும். இரண்டுமே நம் இலங்கைக்குச் சொந்தமானவை, நிழலான ஓடைகளில் வளர்பவை. மீனுக்குக் கண்ணிமையும் கிடையாது. டியூப் நாலா பக்கமும் வெளிச்சத்தைச் சிதறும். எல்ஈடியோ நேரே கீழே கொட்டும். லைட்டைக் கொஞ்சம் உயர்த்தினோம். மேலே மிதக்கும் செடிகள் விட்டோம். முதல் இரண்டு வாரம் 6 மணித்தியாலம் மட்டும் எரித்து, பிறகு 8 ஆக்கினோம். அறை லைட்டைப் போட்ட பிறகே தொட்டி லைட் எரியும்படி பார்த்துக்கொள்கிறோம். மீன்கள் பழையபடி வெளியே வந்தன. செரி பார்ப்பின் சிவப்பும் நன்றாகத் தெரிகிறது.

வாங்கும்போது வொட்டை மட்டும் பார்க்காதீர்கள். லூமன் எவ்வளவு என்று பாருங்கள். செடி இருந்தால் 6500 கெல்வின் அளவிலான வெள்ளை வெளிச்சம் போதும். வெளிச்சம் கூடினால் செடிக்கு முன் பாசிதான் வளரும். கண்ணாடியில் பச்சை படிய ஆரம்பித்தால் முதலில் நேரத்தைக் குறையுங்கள்.

பழைய பெட்டிக்குள்ளேயே எல்ஈடி டியூப் போட நினைப்பவர்கள் கவனம். சிலவற்றுக்கு ஸ்டார்ட்டரை மாற்றினால் போதும், சிலவற்றுக்கு சோக்கின் வயரிங்கையே மாற்ற வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்து வேலை இது, எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வயர் பிளக் பேஸுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கடைசியாக, கழற்றிய டியூப்பைக் குப்பையோடு போடாதீர்கள். அதற்குள் பாதரசம் இருக்கிறது. இந்தக் காரணத்தால்தான், மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2027க்குள் புளோரசன்ட் டியூப் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த 2023இல் உடன்பட்டன. இலங்கையும் அதில் ஒரு நாடு. எப்படியும் நாம் எல்லோரும் மாறத்தான் வேண்டும். பழையதை மட்டையில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, இலத்திரனியல் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். தவறி உடைந்தால் யன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். தும்புத்தடியால் கூட்டாமல், தடித்த மட்டையால் அள்ளி, ஈரத் துணியால் துடையுங்கள்.