ஒரு முழு நிமிடம்

கார்த்திகை மழை விட்டபாடில்லை. தாலுகா அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருமல்.

சிஸ்டர் வந்ததும் முதலில் ஜன்னலைத் திறக்கிறார்.

"ஈரக்காத்து பிள்ளைக்கு ஆகாதும்மா" என்கிறார் ஒரு பாட்டி.

"அடைச்சு வச்சா இந்தப் பிள்ளை இருமுறது அந்தப் பிள்ளைக்குப் போயிடும் பாட்டி." பேரனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு நகர்கிறார்.

அடுத்தது பத்து மாதக் குழந்தை. காய்ச்சல் தணிந்திருக்கிறது; தாய்க்கு அதில் நிம்மதி.

"பால் குடிக்கிறானாம்மா?"

"ரெண்டு வாய் குடிச்சிட்டு விட்டுடுறான் சிஸ்டர்."

சட்டையை மார்புக்கு மேல் சுருட்டிவிட்டுக் குனிகிறார். கண் வயிற்றில், கைக்கடிகாரம் ஓரப்பார்வையில். யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்பவில்லை. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பிஞ்சுகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. முழு நிமிடமும் எண்ணுகிறார். 58. ஒவ்வொரு இழுப்புக்கும் விலாவின் கீழே குழி விழுகிறது. பாதத்தில் மாட்டிய ஆக்சிமீட்டரில் 88. டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடுகிறது. அவர் வருவதற்குள் ஆக்சிஜன் குழாய் மூக்கில் ஏறிவிடுகிறது.

குழந்தைகளைத் தாக்கும் சளி வைரஸ்கள் பலவற்றுக்கு நேரடி மருந்து கிடையாது. மூச்சையும் நீர்ச்சத்தையும் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் உடம்பே மீண்டுவிடும். அந்தத் தாங்கலில் பெரும்பங்கு நர்ஸுடையது. மருந்துச்சீட்டில் அது பதிவாவதில்லை.

அடுத்த கட்டிலுக்கு முன் குழாயடி. உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று 40 வினாடிக்குக் குறையாமல் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். புறங்கைத் தோல் வெடித்துச் சிவந்திருக்கிறது. கட்டில் விட்டுக் கட்டில் நோயைக் கடத்துவதில் தொட்ட கைக்கும் பங்குண்டு என்பதால் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு தேய்க்கிறார்.

"ஊசி ஒண்ணு போட்டா என்ன சிஸ்டர்?" என்கிறார் ஒரு தகப்பன்.

"வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேக்காதுங்க. மூச்சு வாங்குதா, பால் மறுக்குதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

உங்கள் வீட்டில் இருமும் குழந்தை உண்டா? அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, விலாவின் கீழே குழி விழுந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.