சேப்டர் டூ முடிச்சாச்சா?

'சாப்பிட்டாச்சா?'வுக்கு அடுத்தபடியாக எம்.எட். ஹாஸ்டலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, 'சேப்டர் டூ முடிச்சாச்சா?' ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் அது. நம்ம தலைப்பில் ஏற்கெனவே யார், என்ன ஆராய்ச்சி செஞ்சிருக்காங்கன்னு எழுதணும். பெரும்பாலும் என்ன நடக்கும்? போன வருஷ சீனியரின் பைண்டிங் வால்யூம் கைமாறும். வரிகள் கொஞ்சம் இடம் மாறும். அத்தியாயம் ரெடி!

எனக்கு அது சரிப்பட்டு வரலை. காரணம், ஒரு பையன். பி.எட். டீச்சிங் பிராக்டிஸுக்குப் போன பள்ளியில் ஏழாம் வகுப்பு. வாய்விட்டு வாசிக்கும் முறை தன்கிட்ட வரும்போதெல்லாம், "மிஸ், போர்டு அழிக்கட்டுமா?" என்று எழுந்துவிடுவான். எழுத்து தெரியும். ஆனா, ஒரு வரி முடியறதுக்குள்ள திணறிடுவான். இவனுக்கு என்ன செய்யலாம்? எம்.எட்.டில் அதையே தலைப்பா எடுத்தேன்.

எங்க கல்லூரி நூலகம்னா ரெண்டு பீரோ. சாவி வெச்சிருக்கிறவர் எப்பவும் லீவு. அதனால மாவட்ட மைய நூலகத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்த நூலகர், "எந்த புக்குங்கிறது இருக்கட்டும்... என்ன தெரிஞ்சுக்கணும்மா உனக்கு?" என்றார்.

அவர் சொல்லித்தந்த முதல் பாடம், நம்பர். டூயி முறையில் 370 முதல் 379 வரை கல்வி. 370.15 கல்வி உளவியல். வாசிக்கக் கற்றுத்தருவது 372.4. அலமாரி அலமாரியா அலைய வேண்டாம்.

அடுத்தது 'எரிக்'. அமெரிக்க அரசு 1960-களில் ஆரம்பிச்ச கல்வித் தகவல் களஞ்சியம். தேட காசு வேண்டாம். ஆனா, வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டா ஆயிரக்கணக்கில் கொட்டும். அதுக்குன்னே அவங்க ஒரு தெசாரஸ் வெச்சிருக்காங்க. 'புவர் ரீடிங்'கை விட்டுட்டு, அதில் இருந்த 'ரீடிங் ஃப்ளூயன்ஸி'யைப் போட்டேன். முழுக் கட்டுரையும் இருப்பதை மட்டும் காட்டச் சொல்லி ஒரு டிக். பட்டியல் கைக்கு அடக்கமாச்சு. அந்தக் கட்டுரைகள்ல திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர் சாமுவேல்ஸ். சின்னப் பத்தி ஒண்ணை, தடங்கல் குறையற வரைக்கும் மறுபடி மறுபடி வாசிக்க வைக்கும் முறையை 1979-ல் எழுதியவர்.

சரி, அது ஆங்கிலத்துக்கு. 247 எழுத்துள்ள நம்ம தமிழுக்கு? அங்கேதான் 'சோத்கங்கா' கைகொடுத்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்.டி. ஆய்வேடுகள், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் நிறுவனத்தின் தளத்தில் இலவசமா கிடைக்குது. ஒரு டிப்ஸ்: ஆய்வேட்டைக் கடைசியிலிருந்து பாருங்க. நாம 'டூல்'னு சொல்ற வினாப்பட்டியல் பின்னிணைப்பில்தான் இருக்கும். நூற்பட்டியல் அடுத்த பத்து கட்டுரைக்கு வழி காட்டும்.

இப்படித் தேடுவதை ஒரு சாஸ்திரமாவே ஆக்கினவர் நம்ம சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. ரெண்டு பீரோ முன்னால் காத்துக் கிடந்தவங்களுக்கு அதன் அருமை புரியும்.

அதே பள்ளியில் அனுமதி வாங்கி, ஆறு பிள்ளைகளோடு தினமும் இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். ரெண்டு பேருக்கு எழுத்துகளே குழப்பம். அவங்களுக்கு இந்த முறை போதலை. வேற வழி தேடணும்னு ஆய்வேட்டிலேயே எழுதினேன். நம்ம ஆளு அப்போ எட்டாம் வகுப்பு. முதல் வாரம் போர்டையே பார்த்துக்கிட்டிருந்தான். மூணாவது வாரம் ஒரு பத்தியை முடிச்சிட்டு, "இன்னொரு தடவை படிக்கட்டுமா மிஸ்?" என்றான்.

சேப்டர் டூ பாக்கி வெச்சிருக்கும் நண்பர்களே... சீனியரின் வால்யூமைத் திருப்பிக் கொடுத்துடுங்க. உங்க தலைப்பை ஒரு கேள்வியா மாத்தி ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக்குங்க. நேரா நூலகர்கிட்ட போய் நீட்டுங்க!