கதை கேட்ட முகம்

பழனிமலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் 'காதலிக்க நேரமில்லை' விஸ்வநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. படம் பார்க்காதவர்களுக்குக்கூட ஆளைத் தெரியும். ரைட்டரைக் கூப்பிட ஒரு குரல், பேங்க் மேனேஜர் வந்தால் வேறொரு குரல். நாள்கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற மனிதர், தன்னைவிடப் பெரிய பணக்காரர் மதுரையிலிருந்து வருகிறார் என்றால் வத்தலக்குண்டு வரைக்கும் காரை இறக்கி அனுப்புவார். டி. எஸ். பாலையா அந்த வேஷத்தைப் போட்டபோது எங்கள் மலையில் யாரும் அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். படத்தில் ஊர் பெயர் சின்னமலை. எடுத்த இடங்களில் ஒன்று பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறு. அதனால் என்ன, ஆனைமலையும் பழனிமலையும் பங்காளிகள்தானே.

பாலையாவின் சினிமா வாழ்க்கை தொடங்கியதே ஒரு தோட்டக்கதையில்தான். 1936-ல் வந்த 'சதி லீலாவதி', எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. நல்ல குடும்பத்துப் பிள்ளையைக் குடிக்கும் கூத்துக்கும் இழுத்துவிடுகிறான் ராமநாதன் என்கிற சிநேகிதன். கொலை செய்துவிட்டோம் என்ற பயத்தில் அந்தப் பிள்ளை இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறான். எம். கே. ராதா அந்தக் கூலி. அவரை அந்தக் கதிக்கு ஆளாக்கிய ராமநாதன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடகத்தின் வழியே வந்த பாலையா. எம்.ஜி.ஆர். தலைகாட்டிய முதல் படமும் அதுவே, ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேஷத்தில். அதில் அறிமுகமானவர்களின் வரிசையில் பாலையாவின் பெயரைச் சொல்ல நமக்கு ஏனோ கொஞ்சம் நேரமாகிறது.

'சதி லீலாவதி'யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்து, ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு, கூடப் படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பில் 1935-ல் இந்தியா வந்தவர். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவர் 1950 வரைக்கும் இங்கேயே இருந்தார். தமிழ் பேச வராது. வசனம் புரியாத இயக்குநர் எதைப் பார்த்து 'சரி' சொல்லியிருப்பார்? முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அடித்தொண்டையில் பேசிப் பழகிய நாடகக்காரர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். பலர் காமிராவுக்கு முன்னாலும் கடைசி வரிசைக்காகவே கத்தினார்கள். பாலையா கத்தவில்லை. டங்கன் மறு ஆண்டே 'அம்பிகாபதி'யில் தளபதி ருத்ரசேனனாக அவரைக் கதாநாயகர் தியாகராஜ பாகவதருக்கு எதிரே நிறுத்தினார்.

'சதி லீலாவதி' வந்த அதே 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அமெரிக்காவின் ஆஸ்கர் அகாதமி முதன்முதலாகத் துணை நடிகர்களுக்கென்று தனி விருது வைத்தது. முதலில் வாங்கியவர் வால்டர் பிரென்னன். நாற்பது வயதுக்குள்ளேயே ஒரு விபத்தில் பல்லை இழந்து, கிழவன் வேஷங்களுக்கென்றே வாய்த்தவர்போல ஆகிவிட்டவர். ஐந்தாண்டுக்குள் மூன்று முறை வாங்கினார். அதிலும் ஒரு பாகுபாடு இருந்தது. கதாநாயகருக்குச் சிலை, இவர்களுக்கு ஒரு பலகை. முழுச் சிலை கைக்கு வந்தது 1944-ல். ஆனாலும் அங்கே ஸ்டூடியோக்கள் இப்படிப்பட்ட ஆட்களைச் சம்பளம் போட்டு வைத்துக்கொண்டன. டாக்டராக, நீதிபதியாக, கஞ்சக் கிழவனாக, படத்துக்குப் படம் வரும் முகங்கள். ஜனங்களுக்குப் பெயர் தெரியாது, பார்த்ததும் சிரிப்பு வரும். நம் ஊரில் அன்று பலகையும் கிடையாது.

நடுவில் பாலையாவின் கால் நூற்றாண்டை வேகமாகத் தாண்டிவிடலாம். 'வேலைக்காரி'யில் கே. ஆர். ராமசாமிக்கு யோசனை சொல்லும் நண்பன் மணி, 'மதுரை வீர'னில் நரசப்பன், இடையிடையே எத்தனையோ வில்லன்கள். வில்லனாக அவர் நன்றாகவே இருந்தார் என்பதைவிட, அந்த வில்லன்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது என்று சொல்லலாம். மிரட்டும்போதே, எதிராளி திருப்பி அடித்துவிடுவானோ என்று கண் ஒரு முறை ஓரத்துக்குப் போய்வரும். எனக்குப் பிடித்தது அந்த ஓரப்பார்வைதான். பின்னாளில் அவர் சிரிக்கவைத்ததெல்லாம் அதே பயத்தை வைத்துத்தான்.

1964-க்கு, 'காதலிக்க நேரமில்லை'க்கு வருவோம். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பா, பணம் போடவேண்டிய அப்பாவுக்கு ஒரு பேய்க்கதை சொல்கிறான். செல்லப்பாவாக வரும் நாகேஷ் கதவைத் திறக்கிறார், காற்றாக வீசுகிறார், ஊளையிடுகிறார். ஊரே அவரைப் பார்க்கிறது, நியாயம்தான். ஒரு தடவை நாகேஷை விட்டுவிட்டு எதிரில் இருப்பவரை மட்டும் பாருங்கள். முதலில், உருப்படாத பிள்ளை ஏதோ உளறுகிறான் என்கிற சலிப்பு. பிறகு, சரி என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்கிற இளக்காரம். அதற்கப்புறம் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டார் என்று நமக்குப் பிடிபடாது. திரும்பிப் பார்க்கும்போது வாய் பாதி திறந்திருக்கிறது, கண் பிதுங்குகிறது, நாற்காலியில் ஆள் பாதியாகச் சுருங்கியிருக்கிறார். நடுப்பகலில், சொந்த வீட்டில், தான் பெற்ற பிள்ளையிடம். நாகேஷ் போட்ட அத்தனை சத்தத்துக்கும் ரசீது அந்த முகத்தில் கிடைக்கிறது. கேட்கிறவர் நம்பியிராவிட்டால் அது ஒரு பையன் வாயால் சத்தம் போடும் காட்சியாகப் போயிருக்கும்.

இந்தப் படம் இந்திக்கு 'ப்யார் கியே ஜா' என்று போனது. கதை சொல்கிறவர் மெஹ்மூத், கேட்கிறவர் ஓம் பிரகாஷ். நகைச்சுவைக்கென்று பிலிம்பேர் விருது ஏற்பட்டபோது முதல் விருது அந்தப் படத்துக்காக மெஹ்மூதுக்குப் போயிற்று. எங்கேயும் சொல்கிறவனுக்குத்தான் மாலை விழுகிறது.

கேட்பதையே பெரிய காரியமாக அவர் செய்த இன்னொரு இடம் 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதரின் பாட்டு பாலமுரளிகிருஷ்ணாவுடையது. வாயசைப்பும் கர்வமும் பாலையாவுடையவை. சபையில் தலையைச் சாய்த்து ஊரையே துரும்பாகப் பார்த்தபடி பாடுகிறார். அதைப் பலரும் புகழ்ந்தாயிற்று. எனக்கு அன்று இரவுதான் முக்கியம். விறகுவெட்டியின் பாட்டு வெளியிலிருந்து கேட்கிறது. சங்கீதம் தெரிந்தவனுக்கு மட்டும் வரக்கூடிய ஒரு கிலி, முதலில் காதில் விழுந்து, பிறகு முகத்துக்கு ஏறுகிறது. இவன், தன்னோடு போட்டிக்கு வரவேண்டிய பாணபத்திரரிடம் தேறாதவன் என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக மதுரையை விட்டுக் கிளம்பிவிடுகிறார். அரசவையில் தோற்று விழுவதைவிட, தனியே ஒரு பாட்டைக் கேட்டுத் தோற்பது நடிக்கச் சிரமமானது.

அதற்கு மூன்று வருஷம் கழித்து 'தில்லானா மோகனாம்பா'ளில் அவர் தவில்காரர் முத்துராக்கு. நாயனம் சிவாஜிக்கு. பக்கவாத்தியம் பாலையாவுக்கு இயல்பாகவே பொருந்தியது. 1972-ல், ஐம்பத்தெட்டு நிறைவதற்குள் போய்விட்டார். துணை நடிகருக்கான தேசிய விருது 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து 'நம்மவர்' படத்துக்காக அதை வாங்கியவர் நாகேஷ், எங்கள் மலைக்கு வடக்கே தாராபுரத்துக்காரர். அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அவருக்கும் அது காலம் கடந்து வந்ததுதான்.

எண்பதுகளில் எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் நோன்புக்கு வீடியோ டெக் போடுவார்கள். வத்தலக்குண்டிலிருந்து கலர் டிவியும் டெக்கும் ஜீப்பில் வரும். விடிய விடிய மூன்று படம். காப்பிக்கொட்டை காயவைக்கும் சிமெண்ட் களத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவோம். நடுநாயகமாக ஒரு நாற்காலியில் முதலாளி, அரையடி பின்னால் ரைட்டர். ஒரு வருஷம் இரண்டாவது படமாக 'காதலிக்க நேரமில்லை'யைப் போட்டுவிட்டார்கள். பாலையா வந்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரு களுக். ரைட்டர் திரும்பி முறைத்தார். பொய்ப் பணக்காரன் வீட்டுக்கு வந்து, விஸ்வநாதன் குழைந்து குழைந்து உபசரிக்கும் இடத்தில் களத்தில் ஒருவருக்கும் மூச்சு வரவில்லை. சிரித்துவிட்டால் மறுநாள் வேலைக்குப் போகவேண்டுமே. அப்போது முதலாளி தொடையில் தட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏப்பா ரைட்டரு, நம்ம பக்கத்து எஸ்டேட்காரன் அப்படியே இருக்கான்ல?"

"அச்சு அசலா அவுகளேதான் மொதலாளி," என்றார் ரைட்டர். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. களமே சிரித்தது. டெக்குக்காரனைக் கூப்பிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார் முதலாளி.