அல்லது

அப்பா அம்மாவின் கல்யாணப் பத்திரிகை தகரப் பெட்டியின் அடியில், நிலப் பத்திரங்களோடு கிடக்கும். உச்சியில் பிள்ளையார் சுழி இருக்காது. ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’ என்று தலைப்பு. 1961, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, காலை 10.30 மணி. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். இரண்டையும் அப்பா வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். அம்மாவிடம் யாராவது கேட்டார்களா என்று தெரியாது. நானாவது அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

திருவாரூர்ப் பக்கம் அப்போது இப்படிக் கல்யாணங்கள் நிறைய. ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மணமக்களை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, சாதி, பெண் கல்வி, சொத்துரிமை என்று பெரியார் இயக்கத்துக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவார்கள். பிறகு உறுதிமொழி, மாலை. அவ்வளவு பேச்சிலும் அம்மா நினைவில் வைத்திருந்தது ஒன்றுதான். “பொண்ணும் வாய்விட்டுச் சொல்லணும்” என்றாராம் தலைமை தாங்கியவர். சொன்னாள். மைக்கில் தன் குரலை அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று ராத்திரி அம்மாச்சி அவளை அடுப்படியில் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினாள். காலையில் அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, வாய்க்கால் ஓர நிலத்துக்காகப் பங்காளி ஒருவர் வாசலில் நின்று கத்தினார். “கோர்ட்டுக்குப் போனா அது கல்யாணமே இல்ல, தெரியும்ல?” அம்மா என்னை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் விரல் என் தோளில் பதிந்த வலி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த மனிதர் சொன்னது பொய்யில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதிலிருந்து எத்தனையோ ஜோடிகள். ஆனால் 1934-இல் நடந்த அப்படியொரு கல்யாணம் வழக்காகி, 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சாத்திரச் சடங்கும் நடக்கவில்லை, காலங்காலமாக வந்த வழக்கமும் இல்லை என்பது காரணம். மேடையில் வாய்விட்டுச் சொன்ன அத்தனை பெண்களும் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லை.

அண்ணா ஆட்சிக்கு வந்த 1967-லேயே அதற்குச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அப்பா ‘விடுதலை’யை விரித்து அடுப்படி நிலையில் நின்று வாசித்தார். முன்பு நடந்த கல்யாணங்களும் செல்லும் என்ற இடம் வந்ததும் அம்மா அரிசி களைவதை நிறுத்தினாள்.

“அப்போ இத்தனை நாளா நான் யாரு?”

அப்பாவிடம் பதில் இல்லை. பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு சொல். உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். வரைவில் ‘மற்றும்’ என்று இருந்ததைப் பெரியார்தான் ‘அல்லது’ ஆக்கச் சொன்னார் என்று இயக்கத்தில் சொல்வார்கள். அப்பா அதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். தாலி வேண்டாம் என்பவருக்கு வந்த சொல், வேண்டும் என்பவரையும் வெளியே தள்ளவில்லை. மதமும் மதம் வேண்டாதவர்களும் ஒரே தெருவில் குடியிருக்க இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அந்தச் சொல்லுக்கு இடம் கிடைத்தது இந்து திருமணச் சட்டத்துக்குள், 7-அ என்ற பிரிவாகத்தான். கடவுளே இல்லை என்றவர்களுக்கும் இந்து என்ற பெயரில்தான் கல்யாணம். மதம் விட்டு மதம் கட்டுபவர்களுக்கு அதுவும் கிடையாது. அவர்கள் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, முப்பது நாள் அது ஒட்டப்பட்டிருக்க, யார் கண்ணில் படுமோ என்று காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாள் எனக்கு நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. வக்கீல்களும் நண்பர்களாக முன்னின்று 7-அ கல்யாணம் நடத்தி வைக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, அப்பா இருந்திருந்தால் எனக்கும் அடுப்படி நிலையில் நின்று வாசித்துக் காட்டியிருப்பார்.

ஆடி வெள்ளிகளில் அப்பா அம்மாவைச் சைக்கிளில் உட்கார வைத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். உள்ளே போக மாட்டார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மா திரும்பி வந்து துன்னூறை நீட்டவும் மாட்டாள். அவள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மிதிக்க ஆரம்பிப்பார்.

1994-இல் அப்பா போனார். சடங்கு எதுவும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தோம். பதினாறாம் நாள் ராத்திரி மட்டும் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பெரியம்மா அம்மாவின் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டு போனாள்.

“இத அவரு கட்டலக்கா. எங்கம்மா கட்டுனது.”

பெரியம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வருஷமும் ஆடிப் பதினெட்டுக்கு, வழக்கம்போல, அம்மா புதுக் கயிறு மாற்றிக்கொண்டாள்.