எஞ்சினைத் திருத்துவதா, மாற்றுவதா?

மார்க்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜுக்குள் சென்ற வருடம் ஒரு மொறிஸ் மைனர் கார் வந்து சேர்ந்தது. 1960ஆம் ஆண்டுக் கார். அக்ஸ்பிறிட்ஜ் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குள் இருபது வருடத்துக்கு மேலாகத் தூசி மூடிக் கிடந்ததை ஒரு முதியவரிடம் வாங்கினேன். லொறியில் ஏற்றி வந்து இறக்கியபோது மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பேஸ்மென்ருக்குள்ளை தண்ணி ஒழுகுது, அதுக்கு ஒரு வழியைக் காணேல்லை. பழைய இரும்புக்குக் காசு இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தக் காரைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் வாடகைக் கார், கலியாணக் கார், ஆஸ்பத்திரிக் கார் எல்லாம் அனேகமாக மொறிஸ் மைனர் அல்லது ஒஸ்ரின்தான். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. பின்னர் மினி காரை வடிவமைத்தவரும் அவரே. 1971 வரை பத்து இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் செய்யப்பட்டன. கொக்குவிலில் என் அப்பா ஓடிய வாடகைக் காரும் இதுதான்.

நான் வாங்கிய காரின் எஞ்சின் கையால் சுற்றச் சுற்றியது. புது பற்றரி போட்டு, கார்பரேற்றரைக் கழுவிப் பூட்டியபின் ஒருநாள் ஸ்ராட்டும் ஆனது. ஆனால் கராஜ் முழுவதும் நீலப்புகை. ஒயில் அமுக்கமும் போதாது. இந்த எஞ்சினைப் பிரித்துத் திருத்துவதா, அல்லது கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் போடுவதா என்ற கேள்வி அன்று தொடங்கியது.

ஸ்காபரோவில் உள்ள என் நண்பர் ஒருவர் உடனே தீர்ப்புச் சொன்னார்: "ஜப்பான் எஞ்சின் ஒண்டைப் போடு. சாவியைத் திருப்பினால் ஓடும். ஹைவேயிலும் போகலாம்." எனக்குத் தெரிந்த மெக்கானிக்கும் அதையே சொன்னார். மூன்று நான்கு கிழமையில் முடித்துத் தரலாம், பழையதைத் திருத்துவதென்றால் மாதக்கணக்கில் போகும் என்றார். நானோ, காருக்கு அதன் சொந்த எஞ்சின்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. முப்பது வருடமாவது பழையதாகவும் தொழிற்சாலையில் செய்தபடி பெரிதும் மாறாமலும் இருக்கும் வாகனத்துக்கே ஒன்ராறியோவில் 'ஹிஸ்ரோறிக்' இலக்கத்தகடு கொடுப்பார்கள். அதைக் கொண்டு நினைத்த இடத்துக்கெல்லாம் ஓடமுடியாது; கண்காட்சி, ஊர்வலம், கார்ச் சங்கங்களின் பயணம், திருத்திப் பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுந்தான். வேற்று எஞ்சின் போட்டால் அந்தத் தகுதி போய்விடலாம். அதோடு எஞ்சின் மாற்றியதைக் காப்புறுதிக் கொம்பனிக்கும் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஆனால் செலவையும் சட்டத்தையும் விட எனக்கு இருந்த பயம் வேறு. அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. முந்திய வருடம் இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் இழுபட்டால், கார் ஓடும் நாளில் அவர் அதில் ஏறும் நிலையில் இருப்பாரோ என்று யோசித்தேன். அந்தப் பயம் வந்தபோதெல்லாம் ஜப்பான் எஞ்சினே சரியென்று பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கராஜுக்குள் கூட்டி வந்து கதிரையில் இருத்தினேன். காரைச் சுற்றிப் பார்த்தார். "ஸ்ரேரிங் மற்றப் பக்கம்" என்றார். பிறகு நான் என் பிடிவாதத்தைச் சொன்னேன்: "எங்கடை கார் மாதிரி இதுவும் அதின்ரை சொந்த எஞ்சினோடையே ஓடவேணும் அப்பா."

அப்பா சிரித்தார். "எங்கடை காரிலை எங்கை சொந்த எஞ்சின் இருந்தது? நான் வாங்கேக்கை அதிலை இருந்தது 803 சிசி. அது முடிஞ்சுபோச்சு. தொண்ணூற்றொண்டிலை உடைஞ்ச ஒஸ்ரின் ஏ35 ஒண்டிலை இருந்து எடுத்துப் போட்டது. நீ அப்ப சின்னப்பெடியன்."

எனக்கு இது புதுக்கதை. ஆனால் கணக்குச் சரி. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கொம்பனியாகச் சேர்ந்தபின் இரண்டு பெயர்க் கார்களிலும் ஏ-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்து எஞ்சின்தான். மைனரில் முதலில் 803, 1956இல் 948, 1962இல் 1098 சிசி என்று வளர்ந்தது. ஏ35 காரிலும் அதே 948தான். அந்தக் குடும்பம் 2000ஆம் ஆண்டில் பழைய மினி நிற்கும்வரை உற்பத்தியில் இருந்தது.

அந்த 948தான் எங்களைக் காப்பாற்றியது. 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார்கள். பழைய பிரித்தானிய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் அவை அதைத் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். றிங்கும் பேரிங்கும் தேயும். அப்பா அடிக்கடி ஒயிலைத் தொட்டு விரலால் உரசிப் பார்ப்பது எனக்கு இன்றும் ஞாபகம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், ஆச்சியையும் அயல்வீட்டுக் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியது அந்தக் கார்தான். நடை வேகத்தில் போனதால் றேடியேற்றர் கொதிக்கும். நிறுத்தித் தண்ணீர் விட்டு மீண்டும் தள்ளுவோம். சாவகச்சேரியில் விட்டுவிட்டு வந்தோம். பிறகு அதைக் காணவில்லை.

அப்பா கதையை அதோடு நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "அது சரி, இது எவ்வளவு தேய்ஞ்சிருக்கெண்டு அளந்தனியோ?"

அளக்கவில்லை. நானும் அளக்கவில்லை, நண்பரும் அளக்கவில்லை, மெக்கானிக்கும் அளக்கவில்லை. எல்லோரும் புகையைப் பார்த்தே முடிவு சொல்லியிருந்தோம்.

அடுத்த கிழமை எஞ்சினைக் கழற்றி, எஞ்சின் வேலை செய்யும் மெஷின் ஷொப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். முதலில் பார்க்கவேண்டியது வெடிப்பு. இந்த நாட்டில் தண்ணீரோடு குளிரில் விட்ட எஞ்சின், உறைந்து வெடித்திருக்கலாம். வெடித்திருந்தால் திருத்துவது வீண். நல்லவேளை, அந்த முதியவர் தண்ணீரை இறக்கிவிட்டே நிறுத்தியிருந்தார். சிலிண்டர் தேய்ந்திருந்தது, ஆனால் 20 தவ், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, கடைந்து பெரிய பிஸ்ரன் போட்டால் போதும். கிராங்கை 10 தவ் தீட்டினால் சரி. இதற்கான பிஸ்ரன், றிங், பேரிங் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாக வாங்கலாம். கனடாவில் 1990 டிசம்பரில் ஈயம் கலந்த பெற்றோல் தடைசெய்யப்பட்டதால், பழைய ஹெட்டில் எக்சோஸ்ற் வால்வுகளுக்குக் கடினமான சீற் போடுவது நல்லது என்றார்கள். அதையும் சேர்த்தோம்.

பிறகு மற்ற வழியின் கணக்கையும் முழுதாகப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் மலிவுதான். ஆனால் அதற்குக் கியர்பொக்ஸ், மவுண்டிங், புறொப்பெல்லர் சாஃப்ற், றேடியேற்றர், வயறிங் எல்லாம் மாறவேண்டும். வேகம் கூடினால் நாலு சில்லிலும் உள்ள பழைய டிரம் பிறேக் போதாது, டிஸ்க் போடவேண்டும். கூட்டிப் பார்த்தால் திருத்துகிற செலவை எட்டிப் பிடித்தது. இடையில் இன்னொரு வழியும் உண்டு: 1974 வரை எம்ஜி மிட்ஜெற் காரில் வந்த 1275 சிசி எஞ்சின், இதே குடும்பம். எங்கள் சிலிண்டர் வெடித்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். அப்பா ஏ35 எஞ்சினைப் போட்டது போல. ஜப்பான் எஞ்சின் போடுபவர்களிலும் எனக்கு இப்போது குறை இல்லை. தினமும் வேலைக்கு ஓடும் கார் என்றால் அவர்கள் சொல்வது நியாயம்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குப் பழைய மொறிஸ் தேவைப்படாது. ஆனால் வேலைக்குப் போகும் பழைய கொறொல்லாவில் ஒருநாள் புகை வரும், இதே கேள்வி உங்களிடமும் வரும். முதலில் கொம்பிறெஷன் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எழுதித் தந்த மதிப்பீட்டை விடப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டி வாங்கமுடியாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கலாம். போட்ட புதிய, திருத்திய பாகங்களுக்கும் கூலிக்கும் ஆகக் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு. ஆங்கிலம் கஷ்டமென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஞ்சின் திரும்பி வரப் பனிக்காலம் முடிந்துவிட்டது. பேஸ்மென்ற் ஒழுக்கும் இடையில் அடைபட்டது. அதற்குப் பிறகுதான் பிஸ்ரனுக்குக் காசு கட்ட அனுமதி கிடைத்தது. மே மாதத்தில் ஒரு காலை ஸ்ராட் பண்ணினோம். புகை இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா கதிரையில் இருந்தபடி தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "தப்பெற் சத்தம் கூட. நிப்பாட்டு" என்றார்.

ஆறவிட்டு மூடியைக் கழற்றினோம். பீலர் கேஜில் 12 தவ் தகட்டைத் தன் கையாலேயே தெரிந்தெடுத்தார். எட்டு வால்வும் பார்த்து முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அன்று பின்னேரம் மெயின் ஸ்ரீற் வழியாக ஒருக்கால் போய் வந்தோம். அப்பா பக்கத்துச் சீற்றில் இருந்து, கியர் மாற்றும்போதெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.