இரண்டு வாய்க்காலுக்கு நடுவே

பம்பலப்பிட்டியைத் தாண்டி வாய்க்கால் பாலத்தில் இறங்கினால் கொழும்பு 6, வெள்ளவத்தை. சவோய் தியேட்டரில் தொடங்கி தெஹிவளை வாய்க்கால் வரை காலி வீதி தெற்கே போகிறது. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் சனநெரிசல்தான் தெரியும். ஊரைப் பார்க்க நடக்க வேண்டும்.

வலப்பக்க ஒழுங்கைகள் எல்லாம் ரயில் பாதையிலும் கடலிலும் போய் முட்டும். தண்டவாளத்தை ஒட்டி மரைன் டிரைவ் வந்தபின் கடற்காற்றுக்கும் விலை ஏறிவிட்டது. இடப்பக்கம் உள்ளே போனால் ஹவ்லொக் வீதி. அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நெசவாலை இருந்த காணியில் இன்று ஹவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்க கிளாக்கர்மார்தான் இந்த ஒழுங்கைகளில் முதலில் அறை தேடியவர்களில் முக்கியமானவர்கள். 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதும் லீவுக்கு ஊர் போய்வருவது சுலபமாயிற்று. ஊர் அங்கே, உத்தியோகம் இங்கே என்ற கணக்கு. ஆனாலும் கோயில் வந்தது, ராமகிருஷ்ண மிஷன் வந்தது, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் நூலகத்தோடு வேரூன்றியது. தற்காலிகமாக வந்தவர்கள் நூலகம் கட்டுவதில்லை என்பது என் எண்ணம்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்முறையில், காலி வீதியில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் அகதி முகாம்களுக்குப் போய், பலர் அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை போனார்கள். அதோடு வெள்ளவத்தை முடிந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. வடக்கில் போர் முற்ற முற்ற, பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்களால் லொட்ஜ்கள் நிரம்பின. வெளிநாட்டுக் காசு தொடர்மாடிகளாக எழுந்தது. குட்டி யாழ்ப்பாணம் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

காத்திருந்தவர்களுக்கு நிம்மதி இருந்ததில்லை. பொலிஸ் பதிவு இல்லாமல் ஓர் இரவு தங்க ஏலாமலிருந்தது. 2007 ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் மன்னிப்பும் கேட்டார். கொழும்பில் தங்க ஒரு தமிழர் காரணம் காட்ட வேண்டியிருந்த காலம் அது.

இப்போது அதே வீதியில் நகைக்கடை, புடவைக்கடை, கனடாவிலிருந்து கலியாணச் சாமான் வாங்க வந்த குடும்பங்கள். வாடகையோ கிளாக்கர் சம்பளத்துக்கு எட்டாத உயரம். தெஹிவளைப் பாலத்தில் மாநகர சபை மாறுகிறது. ஆனால் கடைப் பலகைகளில் தமிழ் அந்தப் பாலத்தோடு நின்றுவிடுவதில்லை. வாடகை கட்டுப்படியாகாதவர்கள் பாலத்தைத் தாண்டிக் குடியேறிவிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் "வெள்ளவத்தைப் பக்கம்" என்கிறார்கள்.