நினைவு மலரில் விடுபட்டது

அம்மா காலமாகி ஓராண்டு நிறைவுறும் திவசத்தை முன்னிட்டுச் சிறிய நினைவு மலர் ஒன்றை அச்சிடலாம் என்று நாங்கள் மூவரும் முடிவு செய்தோம். அக்கா திருப்பூரிலிருந்தும் அண்ணன் கோவையிலிருந்தும் வர, உடுமலைப்பேட்டையில் உள்ள பழைய வீட்டில் கூடினோம். எங்களுள் இளையவன் தமிழ் முதுகலை படித்துக் கல்லூரியில் பாடம் சொல்பவன். ஆகவே எழுதும் பொறுப்பு அவன்மேல் விழுந்தது.

அவன் எழுதிய முதல் படி இரண்டு பக்கம் வந்தது. கணவரை இழந்தபின் தனியொருத்தியாக நின்று மூன்று மக்களை ஆளாக்கிய தியாகச் சுடர் என்று தொடங்கியது. பட்டினத்தார் தம் தாய்க்கு எரியூட்டியபோது பாடிய பாடல்களை நினைவூட்டி முடிந்தது. அண்ணன் கண்கலங்கினார். அக்கா படித்துவிட்டுத் தாளை மடித்துத் திண்ணையில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா இது எந்த அம்மாவுக்கும் பொருந்தும். நம்ம அம்மா இதுல எங்க இருக்குது?"

எங்களிடம் மறுமொழி இல்லை. கொங்கு நாட்டைச் சேர்ந்த தமிழ்ப் பேராசிரியரான பெருமாள்முருகன் தம் தாயைப் பற்றி எழுதிய 'தோன்றாத் துணை' நினைவுக்கு வந்தது. அப்பர் இறைவனைக் குறித்துச் சொன்ன தொடர் அது. தலைப்பு அத்தனை உயரத்தில் இருந்தாலும், உள்ளே விரிவது வேளாண் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் அன்றாட உழைப்பே. அம்மா என்ன வேலை செய்தார் என்பதிலிருந்து நாங்களும் தொடங்கினோம்.

அமராவதிக் கரையில், கொமரலிங்கத்தை அடுத்த சிற்றூரில், நெல் வயல்களுக்கு நடுவே பிறந்தவர் அம்மா. மில் தொழிலாளியான அப்பாவை மணந்து உடுமலைக்கு வந்தார். 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்த பிறகு கோவையைச் சுற்றிலும் நூற்பாலைகள் பெருகின. அவற்றின் சங்கொலியை வைத்தே நேரம் அறிந்த தலைமுறை எங்களுடையது. அப்பாவுக்கு மூன்று ஷிப்டுகளும் மாறிமாறி வரும். அம்மாவுக்குப் பகல் வேலை மட்டுமே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது.

அம்மா இருந்தது ரீலிங் பகுதியில். நூலைச் சிட்டமாகச் சுற்றும் இடம் அது. ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். 120 கெஜம் வீதம் ஏழு பிரிவு. சாயமேற்றும் கைத்தறிக்காரர்களுக்கு நூல் சிட்டமாகவே வேண்டும். அறுந்த இழையைப் பிடித்து முடிந்து முடிந்து, அம்மாவின் வலக்கைச் சுட்டுவிரலில் ஆழமாக ஒரு கோடு விழுந்திருந்தது. எங்களுக்குத் தலை வாரும்போது அந்தக் கோட்டில் முடி சிக்கிக்கொள்ளும். பிள்ளைப் பருவத்தில் எல்லா அம்மாக்களின் விரலும் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர வளரக் கோன் நூலுக்கே கிராக்கி கூடியது. பனியன் துணிக்குச் சிட்டம் தேவையில்லை. அம்மா இருந்த ஆலையில் ரீலிங் சுருங்கியது. பின்னர் நின்றே போனது. அதன்பின் அம்மா தக்காளி பறிக்கப் போனார். 14 கிலோ பெட்டிகளைத் தலையில் சுமந்து வரப்பில் நடந்து, சாலையோரம் அடுக்குவார். அந்த வேலையைப் பற்றி அவர் குறைப்பட்டு நாங்கள் கேட்டதில்லை. "மில்லுல நெழலாச்சும் இருந்துச்சு" என்று ஒரே ஒருமுறை சொன்னதாக அண்ணனுக்கு நினைவிருக்கிறது.

இதுவரை எழுதியதை அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "என்ற கதைய எப்ப எழுதப் போற?" என்றார்.

அப்பா 1987-இல் இறந்தார். அடுத்த ஆண்டு, எட்டாம் வகுப்பில் தேறிய அக்காவை அம்மா பள்ளியிலிருந்து நிறுத்தினார். தம்பிகள் இருவரும் படிக்க வேண்டும்; ஒருவர் கூலி போதவில்லை. திங்கட்கிழமை விடியுமுன் எழுப்பி, தலைக்கு எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னி, திருப்பூரிலிருந்த சித்தி வீட்டுக்குப் பேருந்து ஏற்றிவிட்டார். இருந்ததில் நல்ல துணி பள்ளிச் சீருடைதான். நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக அக்கா பனியன் கம்பெனிக்குள் நுழைந்தார். கைமடிப்பதும் பிசிறு வெட்டுவதும் வேலை. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது.

சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு இரவுப் பேருந்தில் வீடு வருவார். எங்களில் இளையவனுக்கும் அண்ணனுக்கும் சனிக்கிழமை இரவு என்றால் அம்மாவின் கைபிடித்துப் பேருந்து நிலையம் போவதும் அங்கே வாங்கித் தரும் பன்னும்தான். குழந்தைப் பருவத்தின் இனிய நினைவு எது என்றால் இருவரும் அதையே சொல்லிவந்தோம்.

"நீங்க ரெண்டு பேரும் பன்னு தின்னுட்டு நிப்பீங்க. அம்மா என்ற மூஞ்சியவே பாக்காது. கையத்தான் புடிச்சுப் பாக்கும்."

"காசையா?" என்று அண்ணன் கேட்டார்.

"வெரல. கத்திரி பட்ட எடத்த."

நெடுநேரம் யாரும் பேசவில்லை.

புறநானூற்றின் 279-ஆம் பாடலை, ஒக்கூர் மாசாத்தியார் பாடியதை, எங்களில் இளையவன் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறான். முன்னாள் போரில் தமையனையும் நேற்றைப் போரில் கணவனையும் இழந்தவள், இன்று பறையொலி கேட்டதும், தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, குடுமிக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் தந்து அனுப்புகிறாள். அந்தத் தாயின் துணிவை வியந்து பேசியே அவனுக்கு இருபது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அனுப்பப்பட்ட பிள்ளை என்ன எண்ணினான் என்று அவன் கேட்டதில்லை. பாட்டு தாயோடு நின்றுவிடுகிறது. அவன் எழுதிய இரண்டு பக்கமும் அப்படியே தாயோடு நின்றுவிட்டது. தியாகம் என்ற சொல்லை அம்மாவுக்கு முழுமையாகக் கொடுத்தபோது, அதில் பாதியை வேறொருத்தி சுமந்தாள் என்பது மறைந்துபோயிற்று. அந்த மறைவினால் நன்மை அடைந்தவர்கள் படித்த நாங்கள் இருவருமே.

"அம்மா செஞ்சது தப்புன்னு எழுதச் சொல்லல" என்றார் அக்கா. "தியாகம்னும் எழுத வேண்டாம். அம்மா என்னைய வேலைக்கு அனுப்புச்சு, அந்தக் காசுல நீங்க படிச்சீங்க. நடந்தத எழுது, போதும்."

அந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே மலரில் அச்சிட்டோம். 'தியாகச் சுடர்' போயிற்று. அந்த இடத்தில் இ.எஸ்.ஐ. அட்டையிலிருந்த அம்மாவின் பழைய புகைப்படம் வந்தது. திவசத்துக்கு வந்த உறவினர் சிலர் முகம் சுளித்தனர். இறந்தவரைப் பற்றி இப்படியா எழுதுவது என்று பெரியவர் ஒருவர் அண்ணனைக் கடிந்துகொண்டார்.

அக்கா பத்துப் பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்நாளில் தம்மோடு பிசிறு வெட்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். ஞாயிறு மாலை திருப்பூர்ப் பேருந்தில் அவரை ஏற்றிவிட நாங்கள் இருவரும் சென்றோம்.